உடக்குகளோடு படுத்திருந்த மத்தியானம்

மூன்று வருடங்களுக்கு முன், பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தின் கடைசி வாரங்களில், இலங்கையின் மன்னார்த் தீவில் ஒரு மீனவக் கிராமத்தில் இது நடந்தது. அந்த ஊர் மாதா கோயிலுக்கு வெள்ளை அடிக்கப் போயிருந்தேன்.

நான் இந்தியாவில் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவன். படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. முகாமில் ஆண்களுக்கு அதிகம் கிடைத்த வேலை பெயின்ட் அடிப்பது. எனக்கும் அதுதான் கைக்கு வந்தது. நாடு திரும்பிய பிறகு மடு, பாப்பாமோட்டை, சிலாவத்துறை என்று வேலை இருந்த இடமெல்லாம் போனேன். ஓர் ஊரில் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. கால் நிற்காதவன் என்று என்னைச் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மிச்சத்துக்குக் காரணம் என் உடம்பு.

முப்பது வயது தாண்டியதும் உடம்பு முழுக்க ஒரு வலி தொடங்கியது. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, காயம் இல்லை. ஒரு நாள் முழுக்க ஏணியில் நின்று வேலை செய்வேன். மறுநாள் பிரஷ்ஷைத் தூக்கக் கை வராது. நேற்று ஏறிய ஏணியில் இன்று ஏற மாட்டேன் என்பவனை யார் நம்புவார்கள்? "நடிப்புக்கு இவனுக்கு ஒரு கப் குடுக்க வேணும்" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு முற்றி வேலைக்கள்ளன் என்று பெயர் விழும் முன்னே பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன்.

ஒரு தடவை ஓர் ஆஸ்பத்திரிக்கும் போனேன். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், எல்லாம் சரி என்று வந்தது. அதற்குப் பிறகு ஒரு பெண் டொக்டர் நிறையக் கேள்விகள் கேட்டு, கழுத்து, தோள், இடுப்பு என்று அழுத்திப் பார்த்து, ஃபைப்ரோமயால்ஜியா என்று ஒரு பெயர் சொன்னார். நரம்புகள் வலியைப் பெரிதாக்கிச் சொல்கிற நோய், உயிரை எடுக்காது, லேசில் விட்டுப் போகவும் போகாது, ஆனால் வலி கற்பனை இல்லை என்றார். இரவில் போடக் குளிசை தந்து, திரும்பி வரச் சொன்னார். நான் போகவில்லை. ஏதோ ஒரு பெயரைச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். என் வலி மேல் எனக்கே சந்தேகம் இருந்தது.

அந்த ஊரில் பெரிய வெள்ளிக்கு இயேசு ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளை நாடகமாகக் காட்டுவார்கள். உடக்குகளை வைத்துத்தான் காட்டுவார்கள். உடக்கு என்றால் ஆள் உயரத்தில் மரத்தால் செய்த உருவம். கழுத்து, தோள், முழங்கை, முழங்கால் எல்லாம் மடங்கும். மறைவில் நிற்பவர்கள் கயிறு இழுத்து அவற்றை அசைப்பார்கள். வருடம் முழுக்க அவை கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கும். அந்த அறைக்கும் வெள்ளை அடிக்க வேண்டியிருந்ததால், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் மூப்பரும் நானுமாக அவற்றைப் பக்கத்துப் பழைய மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

"கையைப் பிடிச்சு இழுக்காதையும் தம்பி. கக்கத்துக்குள்ள கையைக் குடுத்துத் தூக்கும். நோகுமெல்லே" என்றார் மூப்பர்.

"மரத்துக்கோ?"

"உமக்கு மரம்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. தூக்கும்போது உருவத்தின் முழங்கை தானாக மடங்கி, அதன் கை என் முதுகில் வந்து தங்கியது. மயங்கிய ஒருவரைத் தூக்குவது போலவே இருந்தது. எல்லாவற்றையும் பாயில் வரிசையாகக் கிடத்தி, தூசி படாமல் வெள்ளைத் துணியால் மூடினோம். அப்படி வரிசையாக மூடிக் கிடந்தவர்களைச் சண்டைக் காலத்தில் கண்டவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். அவர்கள் மண்டப வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து காற்று நின்றுபோனது. மன்னாரில் காற்று இல்லாத நாள் அபூர்வம். பனை ஓலைகளில் சத்தம் இல்லை. கோயில் மதில் நிழலில் நின்ற கழுதைகள் காதைக்கூட அசைக்கவில்லை. மத்தியானம் ஏணியில் நிற்கும்போது வலி தோளில் பிடித்துக் கழுத்துக்கு ஏறி, முதுகு வழியாக இறங்கியது. பிரஷ்ஷை வாளிக்குள் போட்டுவிட்டு எப்படியோ இறங்கினேன். மண்டபத்தின் சீமெந்துத் தரை குளிர்ச்சியாக இருக்கும் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய், வரிசையின் கடைசியில் வெறுமையாகக் கிடந்த பாயில் விழுந்தேன்.

ஈக்கள் மொய்த்தன. அந்த வலி வரும் நேரத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால்கூட நெருப்புப் பொறி பட்டது போல இருக்கும். பக்கத்தில் மடித்துக் கிடந்த வெள்ளைத் துணி ஒன்றை இழுத்துத் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டேன். எனக்கு இடப்பக்கம், ஒரு முழத் தூரத்தில், மரித்த ஆண்டவரின் உடக்கு கிடந்தது. துணிக்கு அடியில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வரிசையில் மூச்சு விடுவது நான் ஒருவன்தான் என்ற நினைப்பு வந்தது. மூச்சை மெதுவாக விட்டேன்.

தூங்கினேனா தெரியாது. செருப்பை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். யாரோ உள்ளே வந்து ஒரு துணியை விலக்கிவிட்டுத் திரும்ப மூடினார்கள். பிறகு அடுத்த துணி. பிறகு அதற்கடுத்தது. மாதா உருவத்துக்குப் புது உடுப்புத் தைக்க ஒரு பெண் அளவெடுக்க வருவார் என்று மூப்பர் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. குரல் கொடுத்திருக்க வேண்டும். தாடை இறுகிப்போய் இருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. செருப்புச் சத்தம் என் பக்கம் வந்து நின்றது.

அவர் எனக்கும் அந்த உடக்குக்கும் நடுவில் குந்தினார். குந்தும்போது தாங்கலுக்கு ஒரு கையை ஊன்றினார். ஊன்றியது என் முழங்காலில். உயிர் போய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் கிடந்த ஆண்டவரின் முகத்துணியை விலக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லப் பேசத் தொடங்கினார்.

"காலமை எழும்பேக்க ஆரோ என்னை உரலுக்க போட்டு இடிச்ச மாதிரி இருக்கு. சட்டை படுற இடமெல்லாம் எரியுது. உப்பெண்டு சொல்ல வந்து சீனியெண்டு சொல்லுறன். சின்னவள் ஓடிவந்து கட்டிப்பிடிச்சா நோவில தள்ளிவிடுறன். பிள்ளையைத் தள்ளுற தாய் எங்கையும் இருக்கோ, ஆண்டவரே?"

 அந்த வலி என்னுடையது. உப்பும் சீனியும்கூட எனக்கு நடந்ததுதான். நான் ஒருவருக்கும் சொல்லாத விஷயங்கள், முகம் தெரியாத ஒரு பெண்ணின் குரலில், செத்தவர்களைப் போலக் கிடந்த வரிசைக்கு நடுவில் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டன. நான்தான் செத்துவிட்டேனோ, எனக்காக வேறு யாரோ ஆண்டவரிடம் கணக்குச் சொல்கிறார்களோ என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தேன்.

குரல் தொடர்ந்தது. ரத்தம் பார்த்தார்களாம், படம் பிடித்தார்களாம், ஒன்றும் இல்லையாம். வீட்டில் வேலைக்குப் பஞ்சிப்பட்டு நடிப்பதாக மாமியார் சொல்கிறாராம். பெரிய வெள்ளிக்கு ஆண்டவரை ஆசந்தி என்கிற பாடையில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோகும் முன், அந்த ஆசந்தியில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லியிருக்கிறாராம்.

"சத்தியம் பண்ணலாம். ஆனா எனக்கே வடிவாத் தெரியேல்லையே. எல்லாரும் சொல்லச் சொல்ல, நான் நடிக்கிறன் போலதான் கிடக்கு. பொய்ச்சத்தியம் பண்ணினா சின்னவளுக்கெல்லோ வந்து விடியும். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நோ மெய்யோ, பொய்யோ? சொல்லாட்டி, இண்டைக்கே மாமியிட்ட நடிச்சனான் எண்டு ஒத்துக்கொண்டு, பிள்ளையை அவையிட்ட விட்டிட்டு அம்மா வீட்ட போறன். பிள்ளையாவது நல்லா இருக்கட்டும்."

அவர் காத்திருந்தார். சும்மா கேட்டுவிட்டு எழும்பிப் போகிறவர் போல இல்லை. மர உருவத்திடம் பதில் கேட்டு அது வரும் என்று காத்திருந்தார்.  நான் பேசாமல் கிடந்தால் அவர் எழும்பிப் போய், இல்லாத குற்றத்தை ஒத்துக்கொண்டு பிள்ளையை விட்டுவிடுவார். பேசினால் பயத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிடலாம். கடைசியில் யோசித்துப் பேசவில்லை. இறுகிய வாய்க்குள்ளிருந்து தானாக வந்தது.

"பொய் இல்லை."

 அவர் கத்தவில்லை, ஓடவில்லை. மிகவும் தாழ்ந்த குரலில், "ஆண்டவரே, நீங்களோ?" என்றார்.

"இல்லை. பெயின்டர்."

கத்தரிக்கோல் என் தலைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. என் மேல் கிடந்த துணியை யாரோ இழுத்து எறிந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சுவரோடு ஒட்டி நின்று என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"ஆரடா நீ? எழும்படா!"

"எழும்ப ஏலாதக்கா."

"ஏன் ஏலாது?"

"நீங்கள் இப்ப சொன்னதுதான் எனக்கும்."

நான் நக்கல் அடிப்பதாக நினைத்தார். கண் கலங்கிவிட்டது. "ஒளிச்சிருந்து கேட்டிட்டு நல்லாக் கதை விடுறீர். நான் சொல்லாத ஒண்டைச் சொல்லும் பாப்பம்" என்றார்.

சொன்னேன். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது கண்ணாடித் துண்டில் மிதிப்பது போல உள்ளங்கால் குத்தும் என்றேன். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் அந்தச் சத்தம் காதில் மட்டும் கேட்காது, தோளிலும் வலிக்கும் என்றேன்.

அவர் சுவரோடு சரிந்து தரையில் இருந்துவிட்டார். "சத்தம் நோகுமெண்டு நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. விசர் எண்டு சொல்லிப்போடுவினம்" என்றார். பிறகு, "உம்மட முழங்காலில கையை வைக்கேக்க மரம் இவ்வளவு சூடோ எண்டு நினைச்சனான். வெக்கைக்கு எண்டு விட்டிட்டன்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறியது. நான் பார்க்காதது போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

என்னைத் தூக்கிவிட அவருக்குப் பலம் இல்லை. அவர் இழுத்தால் அவருக்கு வலிக்கும், எனக்கும் வலிக்கும். கடைசியில் நான் உருண்டு, ஆண்டவரின் மரத்தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பி உட்கார்ந்தேன். டொக்டர் சொன்ன நோயின் பெயரை எனக்கு வந்தபடி சொன்னேன். ஆஸ்பத்திரி எது என்றும் சொன்னேன். "பெயர் இருக்கோ இதுக்கு?" என்று இரண்டு தரம் கேட்டார்.

வேலை முடிந்ததும் வழக்கம் போல நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. பெரிய வெள்ளி அன்று சனத்தோடு நின்றேன். சிலுவையில் உடக்கின் தலை ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தபோது சனம் முழுக்க அழுதது. எனக்கு அந்தக் கணத்தில் கழுத்து இழுத்துக்கொண்டது. அதற்கு மேல் என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

ஊர்வலம் புறப்படும் முன் அவர் ஆசந்திக்குப் பக்கத்தில் வந்தார். ஒரு கையில் சின்னவள். பின்னால் மாமியார். மற்றக் கையை ஆசந்தியில் வைத்து, சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "எனக்கு நோ இருக்கு. மெய்யா இருக்கு" என்றார்.  மாமியார் மருமகளையும் ஆசந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரி, சரி, நட. சீலை நிலத்தில இழுபடுது" என்று சொல்லிக் குனிந்து மருமகளின் சேலைக் கரையைத் தானே தூக்கிப் பிடித்தார். அப்படியே பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை அவருடைய கணவர் அவரை மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். நானும் பஸ்ஸில் போனேன். அதே டொக்டர்தான். "வழி மறந்து போட்டீரோ?" என்று என்னைக் கேட்டார். அந்த அக்காவுக்கும் அதே நோய் என்றுதான் டொக்டர் சொன்னார்.

வலி போகவில்லை. இரவுக் குளிசை, நேரத்துக்குத் தூக்கம், வெந்நீர், ஒவ்வொரு நாளும் கொஞ்ச நடை, களைத்து விழும் முன்னே வேலையை நிறுத்துவது. இவ்வளவுதான் வைத்தியம். வேலைக்குப் போகிற இடத்தில் ஒரு நாளைக்கு அரைச் சுவர்தான் அடிப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார்கள். சிலர் வைத்துக்கொள்கிறார்கள். இப்போதும் அலைகிறேன், ஆனால் யாருக்கும் பயந்து ஊர் மாறுவதில்லை. கிளினிக்கில் பழக்கமான நாலைந்து பேர் போனில் பேசிக்கொள்கிறோம். அந்த அக்காதான் அதிகம் எடுப்பார். "இண்டைக்கு எப்பிடி?" என்பார். "மோசம்" என்பேன். "எனக்கும்" என்பார். புத்தி சொல்ல மாட்டார். வைத்துவிடுவார். அன்றைய நாளைக் கடத்த எனக்கு அது போதும்.

அந்த டொக்டர் படித்துச் சொன்னதை நான் நம்பவில்லை. முகம் தெரியாத ஒருவர் செத்த உருவத்திடம் சொன்னதைக் கேட்டுத்தான் நம்பினேன். தன் உடம்பில் இருக்கிற வலியைத் தானே நம்புவதற்கு, அதை ஒரு தடவை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு விசித்திரமாக, கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது.