சக்கரத்துக்கு முன்னால் ஒரு வீடு

நாங்கள் குடியிருந்த ப்ளாக்கில் அந்த விளையாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். விளையாட்டு என்றால் கம்ப்யூட்டர் விளையாட்டு. அதுவும் இன்னும் வெளிவராத விளையாட்டு. வெளியே வராத ஒன்றைப் பற்றி எல்லாம் தெரிவது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். பன்னிரண்டு வயதில் அதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அண்ணன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் முன்னறையில் இருந்தது. அதன் முன்னால் ஒரு நாற்காலி, அண்ணனுக்கு. பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி, எனக்கு. பரணில் ஏதாவது எடுக்க அம்மாவுக்கு அது வேண்டுமென்றால்கூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் தொடுவாள்.

விளையாட்டு வேறொரு கிரகத்தில் நடக்கிறது. நாமே ஒரு ஆளை உருவாக்கி அந்த ஆளாக அங்கே வாழ வேண்டும். யார் பக்கம் நிற்கிறோம், என்ன பதில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். வெளிவர இரண்டு வருஷமாவது ஆகும் என்றார்கள். அதற்குள் இரண்டு நிமிட முன்னோட்டம் ஒன்றை மட்டும் விட்டிருந்தார்கள். ஊர் உலகத்து ரசிகர்களெல்லாம் இணையத்தில் ஒரு மன்றத்தில் கூடி, அந்த இரண்டு நிமிடத்தைப் பிய்த்துப் பிய்த்து அலசினார்கள். அண்ணன் அதைப் படித்து எனக்குச் சொல்வான். நான் சாயந்திரம் தெருமுனை மதகில் உட்கார்ந்து பையன்களுக்குச் சொல்வேன், கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்த்து.

முன்னோட்டத்தின் கடைசிக் காட்சிதான் பெரிய சண்டைக்குக் காரணம். செம்மண் வெளி. நடுவில் பத்து மாடி உயரத்துக்கு ஒரு சக்கரம், விளிம்பெல்லாம் பல். அதற்கு எதிரே ஒரு சின்ன வீடு, சன்னலில் விளக்கு. அவ்வளவுதான், திரை இருண்டுவிடும். அந்தச் சக்கரம் ஆயுதம் என்றான் ஒருவன். வேற்றுகிரகவாசிகளின் கோயில் என்றான் இன்னொருவன். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நெய்வேலியில் மழலைப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், அது பக்கெட் வீல், சுரங்கத்தில் மேல்மண்ணை வாரிக் கொட்டுகிற மெஷின் என்று. அந்த மெஷினே வெளிநாட்டிலிருந்து வந்ததுதான், அங்கேயும் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள் என்பது எங்கள் மூளைக்கு எட்டவில்லை. விளையாட்டைச் செய்கிறவர்கள் ரகசியமாக நெய்வேலிக்கு வந்து படம் பிடித்துப் போயிருக்கிறார்கள் என்றே முடிவு கட்டினோம்.

சரி, அந்த வீடு? அதற்கு விடை சொன்னவன் நான். வில்லன் அதற்குள் ஒளிந்திருக்கிறான், சக்கரம் அவனுக்குக் காவல். அண்ணன் "நல்லாத்தான்டா யோசிக்கிற" என்றான். அதை ஒரு நோட்டில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு வைத்தேன்.

அந்த ஜூன் மாதம்தான் சித்தி மகள் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வந்தாள். சுரங்கத்தை ஒட்டிய கிராமம் சித்தியுடையது. என்னைவிட நான்கே மாதம் மூத்தவள். அக்கா என்று கூப்பிடச் சொன்னாள் அம்மா. நான்கு மாதத்துக்கு ஓர் அக்காவா! செத்தாலும் கூப்பிட மாட்டேன் என்று மனதுக்குள் சபதம் போட்டேன்.

வந்த முதல் ஞாயிறே அண்ணன் அவளுக்கு முன்னோட்டத்தைப் போட்டுக் காட்டினான். நின்றுகொண்டேதான் பார்த்தாள். கடைசிக் காட்சி வந்ததும் என் விளக்கத்தை நான் ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"காவலும் இல்ல ஒண்ணும் இல்ல. மெஷினு அந்த வூட்டுக்குத்தான் வந்துகினு இருக்குது. செவுத்துல செவப்புப் பெயிண்ட்டுல நெம்பர் போட்டிருக்கு பாருங்கண்ணே. அளந்துகினு போயிட்டாங்க. உள்ள இருக்கறவங்க இன்னும் காலி பண்ணல. கொடியில துணி காயுது."

அண்ணன் காட்சியை நிறுத்திப் பெரிதாக்கினான். சுவரில் சிவப்பாக ஏதோ எழுத்து. அது கிரகத்து மொழி என்று மன்றத்தில் எல்லாரும் தள்ளிவிட்ட கிறுக்கல். இந்தப் பக்கம் மெல்லிய கோடு, அதில் இரண்டு துணி. நாற்பது முறை பார்த்த என் கண்ணில் அது படவில்லை.

அண்ணன் உடனே அதை மன்றத்தில் எழுதினான். மறுநாள் காலையில் பார்த்தால் எங்கெங்கிருந்தோ பதில்கள். என் தங்கச்சி கண்டுபிடித்தது என்று போட்டிருந்தானா, அந்தத் தங்கச்சியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். இனி அந்த வீட்டைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் அவளைக் கேளுங்கள் என்று ஒருவன் எழுதியிருந்தான். அண்ணன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இங்க உக்காரும்மா" என்று முக்காலியை இழுத்துப் போட்டான். என் முக்காலி!

வயிறு எரிந்தது. சும்மா அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மதகில் பையன்கள்கூட "உங்க அக்கா என்னடா சொல்லுது?" என்று கேட்டார்கள். அக்காவாம்!

அவளோ தினமும் பள்ளிவிட்டு வந்ததும் முக்காலியில் உட்கார்ந்து, அண்ணனிடம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பாள். சரியான பதில் சொன்னால் மெஷின் திரும்பிப் போய்விடுமா? அண்ணனும் சலிக்காமல், நல்ல கேமாக இருந்தால் அதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள் என்பான். அவள் முகம் மலர்ந்துவிடும். இதையே எத்தனை நாள் கேட்பாள், வேறு சந்தேகமே வராதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளறையில் அம்மா போனில் சித்தியிடம், "ஊரே சுரங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுச்சு, நீங்க மட்டும் ஏன்டி புடிவாதமா நின்னுகினு இருக்கீங்க?" என்று பேசுவது காதில் விழும். அது பெரியவர்கள் சமாச்சாரம். எனக்கு என் முக்காலிதான் பெரிது.

ஒரு நாள் அண்ணன் காலேஜிலிருந்து வரவில்லை. அவள் என்னிடம் வந்தாள். முதல்முறையாக.

"நீதான எல்லாத்தையும் படிக்கிற. நீ சொல்லு, அந்த வூடு தப்பிச்சிடுமா?"

நிமிஷத்தில் என் கெட்ட புத்தி வேலை செய்தது. "தப்பிக்காது. கேமைச் செய்யறவங்களே நேத்து சொல்லிட்டாங்க. என்ன பதில் சொன்னாலும் வீடு போயிடும். அதான் கதை" என்றேன். யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணன் வழி இருக்கும்னுச்சே?"

"உனக்காக அப்படிச் சொல்லுது. நீ அழுவேன்னு."

அவள் அழவில்லை. முக்காலியை மேசைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அதில் உட்காரவேயில்லை. அண்ணன் கூப்பிட்டபோதும் படிக்க இருக்கிறது என்றாள். எனக்குக் கொண்டாட்டம். அன்று மாலை மதகில் என் குரல் இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அந்த விளையாட்டு, சொன்ன காலத்துக்கும் ஒரு வருஷம் தாமதமாக வந்தது. அண்ணன் அப்போது சென்னையில் வேலையில் இருந்தான். போன் செய்து, "தங்கச்சி சொன்னதுதான்டா. நாமதான் அந்த வீட்டு ஆளு" என்றான். விடுமுறைக்கு அவனிடம் போனபோது நானே விளையாடினேன். மூன்று முறை வீடு போனது. நான்காம் முறை, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய் ஒவ்வொருவரிடமும் பேசிவிட்டு வந்து பதில் சொன்னேன். சக்கரம் நின்றது. பிறகு மெல்லத் திரும்பிப் போனது. அண்ணன் கைதட்டினான்.

அதற்குள் சித்தி குடும்பம் விருத்தாசலத்தில் வாடகை வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது சித்தி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பெரியவங்க நாங்க ஒரு சாமானையும் எடுத்து வைக்கலக்கா. இவதான் மொதல்ல பொட்டி கொண்டாந்து அடுக்குனா. இனிமே ஒண்ணும் நடக்காதும்மான்னுட்டா. அதோட அவரும் வுட்டுட்டாரு." சித்தி மகள் உள்ளே எங்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். அன்று சொன்னது பொய் என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அந்தப் பெட்டிகள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொய் சொன்ன அந்த வாரமே, காலி அட்டைப்பெட்டி கிடைக்குமா என்று அவள் கேட்டாள். ஆஹா, மூட்டை கட்டுகிறாள் என்று நினைத்தேன். கடைத்தெருவுக்கு ஓடிப்போய் பிஸ்கட் பெட்டிகள் நான்கு வாங்கி வந்தேன். சனிக்கிழமை பஸ் நிறுத்தம் வரை நானே சுமந்தேன், ஏற்றியும் விட்டேன். ஞாயிறு சாயந்திரம் அவள் பெட்டிகள் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

காலிப் பெட்டியை யாராவது ஊருக்குக் கொண்டுபோவார்களா என்று மதகில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.