கெண்டைக்காலில் ஒட்டிய தொடைத்தோல்

பட்டாசுக் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். வெடிமருந்து அறையில் ஒரு முடிகூடக் கருகியதில்லை. என் கெண்டைக்காலைச் சுட்டது சொந்த மொபெட்டின் சைலன்சர். வெளியே சொல்ல வெட்கம். கேட்டவர்களிடம், "லேசான காயம்" என்று மழுப்பினேன்.

வேறு யாருக்காவது என்றால் சீக்கிரம் காய்ந்திருக்கும். எனக்கு முந்தைய வருடம்தான் அக்கா ஒரு சிறுநீரகம் கொடுத்திருந்தாள். அதை உடம்பு அந்நியமென்று தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். அதே மாத்திரை காயத்தை ஆறவிடாது, கிருமியையும் விரட்டவிடாது. புண் உள்ளங்கை அகலத்துக்கு வாய் திறந்தது. மதுரை டாக்டர் தொடையிலிருந்து தோல் சீவி ஒட்டிக் கட்டுப் போட்டார்.

"தோல் பிடிச்சிட்டா கால் தப்பிச்சுது. கிருமி உள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க" என்றார்.

அக்கா வீட்டுக்காரருக்கு வேறு யோசனை. "மாப்ள, அந்த மாத்திரைய கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுனா புண்ணு ஆறிருமே?"

"நிப்பாட்டுனா உங்க வீட்டம்மா கொடுத்தது போயிரும் மச்சான். திருப்பிக் கேட்டாகன்னா நான் எங்கன போக?"

கட்டைப் பிரிக்கும் நாள்வரை வீட்டில் படுத்திருக்கச் சொன்னார்கள். எங்களூரில் ஒருவன் படுத்தால் அவன் வேலை பார்க்கும் ஷெட்டே திரண்டு வரும். மனைவி வாசலில் நின்று கிருமி, கிருமி என்று கெஞ்சினாள். "நாங்க என்ன அசலாளா?" என்றபடி கட்டிலில் உட்கார்ந்தார்கள். ஒருவர் பாசத்தில் கட்டையே தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் மனைவியைக் கதவில் சாக்பீஸால் எழுதச் சொன்னேன்: 'ஆள் 1. செருப்பு வெளியே. கை கழுவி உள்ளே.' எங்கள் ஷெட் ஒவ்வொன்றின் வாசலிலும் இப்படித்தான் இருக்கும், இத்தனை ஆளுக்கு மேல் கூடாது என்று. உடம்பில் தங்கிய மின்சாரம் இறங்க, செம்புத் தகட்டைத் தொடாமல் எவனும் மருந்து அறைக்குள் கால் வைக்க மாட்டான். தகட்டுக்குப் பதில் இங்கே வாளியும் சோப்பும்.

அவ்வளவுதான். "ஏலே, உள்ள ஒரு ஆள் இருக்காரு, வெளிய நில்லு" என்று அவர்களே காவல் காத்தார்கள். கிருமிக்கு வெடிச் சத்தம் கிடையாது; அதனால்தான் மதிப்பில்லை போலிருக்கிறது.

கடைசியாக அக்கா வந்தாள், இருக்கன்குடி கோயில் திருநீற்றோடு.

"கட்டை லேசாப் பிரிலே, புண்ணுல பூசிவிடுதேன்."

"வேண்டாங்க்கா. அங்கனயே நில்லு."

"எங்கிட்டயேவாலே சட்டம்? உனக்குள்ள இருக்கதே என்னோடது!"

"அதக் காப்பாத்தத்தான்க்கா இம்புட்டும்."

கம்பெனியில் திரி வெட்டுபவள் அவள். கதவைப் படித்தாள். பிறகு திருநீற்றைத் தன் நெற்றியிலேயே இழுவிக்கொண்டாள். "எனக்கு வச்சா உனக்கு வச்ச மாதிரிதான். சாமான் ஒண்ணுதானே." முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வந்தாள்.

மதுரையில் கட்டைப் பிரித்தபோது வீரனான நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"பிடிச்சிருக்கு. ஒரு ஓரம் மட்டும் கருத்திருக்கு. அது ஆறுறவரைக்கும் இதே கவனம் வேணும்" என்றார் டாக்டர்.

வெளியே அக்கா காத்திருந்தாள். "ஒட்டிருச்சாலே?"

"ஓரத்துல கொஞ்சம் அடம்பிடிக்கி."

"உன் தோலுல்ல!"

வீடு திரும்பியதும் மனைவி, கதவில் மங்கியிருந்த எழுத்தின்மேல் மறுபடி சாக்பீஸை அழுத்தி ஓட்டினாள்.