விலை வராமல் போன கம்பெனிகள்

வெள்ளாட்டுக் கிடாய்களை விற்ற பணத்தைப் பங்குச் சந்தையில் போடச் சொல்லி என்னிடம் தருவதாக அக்கா சொன்னபோது நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். எந்தப் பங்கை எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். பழைய விலைகளைப் போட்டுச் சோதித்தபோது அநேகமாக எல்லா வருஷமும் லாபம் காட்டியது.

அந்த விலைகள் என் லேப்டாப்பில் இருந்தன. அருப்புக்கோட்டை நூல் கடையில் என் பில் போடும் வேலையை முடித்து வீட்டுக்கு வந்ததும், அன்றைய விலைகளை இறக்கி டேட்டாபேஸில் சேர்ப்பேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு குறியீடு. வியாபாரம் நின்றுபோன சில கம்பெனிகளுக்கு விலை வராது. அந்த இடத்தில் புரோகிராம் முட்டிக்கொண்டு நிற்கும். தொந்தரவு தாங்காமல், ஒரு மாதம் விலை வராத குறியீட்டைப் பழைய விலைகளோடு அழித்துவிடும்படி எழுதிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்காரரின் லோடு வண்டியில் டவுனுக்குப் போனேன். வழியில் பூட்டிக் கிடக்கும் ஒரு நூற்பு மில். கேட்டுக்குள் கருவேலம் முளைத்திருந்தது.

“மாப்ளே, இந்த மில்லுக்கும் ஷேரு இருந்துச்சு, தெரியும்ல? எங்க பழைய மொதலாளி வாங்கி வச்சிருந்தாரு. இப்ப அந்தப் பேப்பர்ல வடைதான் மடிக்கணும்” என்றார் மச்சான்.

வீட்டுக்கு வந்து தேடினேன். அந்த மில்லின் குறியீடு என் டேட்டாபேஸில் இல்லை. நான்தான் அழித்திருக்கிறேன். அப்படியானால் என் விதி, இன்றைக்கு உயிரோடு இருக்கிற கம்பெனிகளை மட்டும் வாங்கி விற்று லாபம் காட்டியிருக்கிறது. அன்றைக்கு வாங்கியிருந்தால், எது பிழைக்கும் எது மூடும் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

“ஏலே, பணத்த எப்ப வாங்கிக்கிற?” என்று அக்கா கேட்டாள்.

“பொறுக்கா. கணக்குல ஆளு விட்டுப்போச்சு.”

எங்கள் ஊரில் கண்மாய்க்கரையில்தான் சிக்னல் நன்றாக எடுக்கும். ஞாயிறுதோறும் அங்கே உட்கார்ந்து பழைய விலைக் கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். அழித்ததையெல்லாம் திரும்ப ஏற்றினேன். ஒவ்வொரு குறியீட்டுக்கும் பக்கத்தில் அதன் நிலையை எழுதினேன்: நடக்கிறது, பெயர் மாறியது, வேறு கம்பெனியோடு சேர்ந்தது, நின்றுவிட்டது. பெயர் மாறியவற்றைப் புதுப் பெயரோடும், சேர்ந்தவற்றைச் சேர்ந்த கம்பெனியோடும் கோத்தேன். நின்றுபோனவற்றுக்குத்தான் யோசனை. கடைசி விலையையே வைத்துக்கொள்ளலாமா? மனம் அப்படித்தான் ஆசைப்பட்டது. விற்க முடியாத பங்குக்கு விலை ஏது என்று பூஜ்யம் போட்டேன்.

“செத்த கம்பெனிக்கெல்லாம் கருமாதி பண்றாரு எங்க மாப்ள” என்று மச்சான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ஆடு மேய்க்கிறவர்கள்கூடக் கரையில் நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

எல்லாம் ஏறிய பிறகு விதியை மறுபடி ஓட்டினேன். லாபம் பேங்க் வட்டிக்கும் கீழே போயிருந்தது. தப்பு எங்காவது இருக்கும் என்று இன்னொரு தடவை ஓட்டினேன். அதேதான்.

அக்கா ஆட்டுக்குத் தின்ன இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன்.

“பணம் வேணாங்க்கா. மூடிப்போன கம்பெனிய விட்டுட்டுக் கணக்குப் பாத்திருக்கேன். அதான் லாபமாத் தெரிஞ்சிருக்கு.”

“செத்த குட்டிய எண்ணாம விட்டா எனக்குங்கூட வருசா வருசம் லாபந்தான்” என்று சிரித்தாள். பிறகு கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டாள்: “அப்ப உன் படிப்பு என்னடா சொல்லுது? ஆகுமா, ஆகாதா?”

“இந்த விதி ஆகாது. வேற எழுதணும்.”

“எழுது. அதுவரைக்கும் பேங்குல கெடக்கட்டும். ஆனா எனக்காகக் கணக்க வளைச்சுராத.”

மறுநாள் அவளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்ப் பணத்தை அவள் பெயரில் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, புது விதியின் முதல் வரியை எழுதினேன்.