மலை உச்சியில் எங்கள் மல்லாட்டைக் கொல்லை

போன மாசியில், எங்கள் மல்லாட்டைக் கொல்லை செஞ்சிக் கோட்டை உச்சியில் இருப்பதாக ஒரு செல்போன் சொன்னது. பயிர்க் கணக்கெடுக்க வந்த பெண்ணின் போன் அது. கொல்லைக்குள் நின்றுதான் வேர்க்கடலைச் செடியைப் படம் எடுத்தாள். திரை சிவப்பாகிவிட்டது.

"நீங்க நெலத்துல இல்லன்னு காட்டுதும்மா."

"நெலத்துலதாம்மா நிக்கிறோம்," என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் வரைபடத்தைக் காட்டினாள். எங்கள் சர்வே எண்ணோடு ஒரு கட்டம் கோட்டை இருக்கிற ராஜகிரி மலையின் தலையில் உட்கார்ந்திருந்தது. திருத்த மனு போட்டால் மாதக்கணக்காகும். பதிவு முடிய இரண்டே நாள். பதியாவிட்டால் பயிர்க் காப்பீடு கிடையாது.

"அங்க போய் நின்னு எடுத்தா ஏத்துக்கும் ஐயா," என்றாள் தயங்கித் தயங்கி.

மறுநாள் காலை நான்கு செடிகளை மண்ணோடு வாளியில் வைத்துக்கொண்டு மூவரும் போனோம். நுழைவுச்சீட்டு கொடுப்பவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாது இது?"

"பயிரு. மேல நம்ம நெலம் இருக்குது," என்றார் இவர், சிரிக்காமல். அவரும் சிரிக்காமல் மூன்று சீட்டுக் கிழித்தார்.

பாதி ஏறுவதற்குள் என் முட்டி கழன்றுவிட்டது. ஒரு குரங்கு வந்து ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. மிச்சத்தை இவர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே ஏறினார்.

உச்சிப் பாறையில் அனந்தபுரத்துக்காரர் ஒருவர் நெற்கதிர்க் கட்டோடு நின்றிருந்தார்.

"உங்களுதும் இங்கதானா?" என்றார்.

இவர் அந்தப் பெண்ணின் போனை வாங்கிப் பார்த்தார். "எங்க கட்டம் உங்க காலுக்கடியில வருது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"நான் எதுக்குத் தள்ளணும்? வரப்பு இதோ இருக்குது."

அங்கே இருந்தது வெறும் பாறை. அதன்மேல் பத்து நிமிஷம் வரப்புச் சண்டை நடந்தது. "விட்டுக்குடுக்காதீங்க" என்று நானும் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் அந்தப் பெண் தன் துப்பட்டாவை இருவருக்கும் நடுவில் நீளமாக விரித்துப் போட்டாள். இவர் செடிகளைப் பாறை இடுக்கில் செருகி நிறுத்தினார். திரை பச்சையானது.

அன்றைக்கே பயிர் பதிவானதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது.

வைகாசியில் அந்த அனந்தபுரத்துக்காரர் விசாரித்துக்கொண்டு வந்து, மகள் கல்யாணப் பத்திரிகை வைத்தார். போனோம். பந்தியில் எங்களைத் தன் மச்சானுக்குக் காட்டி, "நம்ம பக்கத்து நெலத்துக்காரங்க" என்றார்.

"தண்ணியெல்லாம் எப்பிடி?" என்று மச்சான் கேட்டார்.

"மழைய நம்பித்தான்," என்றார் இவர்.