அப்பா செப்பனிட்ட ஸ்பிரிட் அடுப்பு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் கிளம்பிவிடும்; புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வரும். அப்பாவே இதைச் சொல்லிச் சிரிப்பார். அவர் பஸ் டிரைவர். அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு ஏறும் வண்டியை ஓட்டியே ஓய்வு பெற்றவர். அந்த மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். வாரம் முழுக்க அங்கே வாடகை அறையில் இருந்துவிட்டு, சனிக்கிழமை அரூர் வீட்டுக்கு இறங்குவேன். வீட்டில் அப்பா மட்டும்தான்.

அப்பா ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். அம்மா இறந்த பதினாறாம் நாளோடு நிறுத்தினார். கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளவில்லை, யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, சும்மா நிறுத்தினார். மூன்று வருடம் ஆகியும் நான் வீட்டுக்குள் நுழையும்போது மூக்கை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் நுழைவேன். அது அவருக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கினேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. அப்பா வாரம் தவறாம ஸ்பிரிட் பாட்டில் வாங்கிட்டுப் போறாருங்க. புண்ணு எதுவும் இருக்குதான்னு கேட்டா சிரிக்கிறாரு. கொஞ்சம் பாத்துக்கோங்க."

எங்கள் பக்கம் ஸ்பிரிட் என்றால் யாருக்கும் புண் துடைப்பது நினைவுக்கு வராது. அதைக் குடித்துக் கண் போனவர்களும் உயிர் போனவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். வீடு வந்து சேரும்வரை அப்பாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட நான் நினைக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் பாட்டில். என்னைக் கண்டதும் முன்னாலிருந்த எதையோ சாக்குப் போட்டு மூடினார். அந்த அவசரமே எனக்குப் போதும். பாட்டிலைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் பாதி ஸ்பிரிட் அவர் கையிலும் சட்டையிலும் கொட்டியது.

"குடிச்சுக் குடிச்சு அம்மாவக் கொன்னது போதாதாப்பா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"குடிக்கல பாப்பா."

"அப்ப இது என்ன, தீர்த்தமா?"

"ஒரு வேலையா வாங்குனது. நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு வேணாம். இப்பவே சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால், எங்கள் ஊரில் அதற்குமேல் விசாரணை கிடையாது. திருடன்கூட அதற்குப் பயப்படுவான். பெற்ற மகள் அப்பனிடம் கேட்கக்கூடியதா அது? கேட்டேன். சாமி அலமாரியிலிருந்து தட்டை எடுத்துவந்து, சூடத்தை நானே பற்றவைத்து, துவைக்கும் கல்மேல் வைத்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, ஸ்பிரிட் காயாத அதே கையால் அடித்தார்.

சூடம் அணைந்தது. பட்டப்பகல் வெயிலில் ஸ்பிரிட் எரிவது கண்ணுக்குத் தெரியாது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். அவர் கையை உதறியபோது நடிக்கிறார் என்று நினைத்தேன். மணிக்கட்டில் முடி சுருள்வதையும் சட்டைக் கை கருகுவதையும் கண்ட பிறகுதான் வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினேன்.

நான் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டிருக்கையில், இன்னொரு கையால் சாக்கை விலக்கினார். பட்டாளத்தில் கழித்துப் போட்ட அடுப்பு ஒன்று. பெங்களூர் போனபோது பழைய சாமான் சந்தையில் வாங்கியிருக்கிறார். மூடி போட்ட சின்னப் பித்தளைக் கிண்ணம். அதில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, மேலே சட்டி வைக்க வேண்டும். மூடியின் ரப்பர் வெடித்துக் கசிந்ததால் லாரி டியூபை வெட்டிப் புது வளையம் போட்டிருந்தார். மலைக் காற்றுக்காக எண்ணெய் டின் தகரத்தை வளைத்து ஒரு தடுப்பு. அதன் அடியில் வரிசையாக ஆணித் துளைகள். துளை அதிகமானால் ஸ்பிரிட் வீண், குறைந்தால் தீ சாகிறது என்று வாரக்கணக்கில் எரித்து எரித்துப் பார்த்திருக்கிறார். கிண்ணத்துக்குள் ஆணியால் ஒரு கீறல். அதுவரை ஊற்றினால் இரண்டு டம்ளர் தண்ணீர் கொதிக்கும்.

"மழ புடிச்சா நாலு நாளு கரண்டு இல்ல, சுடுதண்ணிக்கே வழியில்லன்னு அழுதியே. அதான். முடிச்சுட்டுக் காட்டலாம்னு இருந்தேன்."

"மொதல்லயே சொல்றதுக்கு என்னப்பா?"

"வூட்டுக்குள்ள ஸ்பிரிட்டு வெச்சிருக்கேன்னா நீ நம்புவியா?"

அதைக் கோபமில்லாமல் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புண் ஆறியது, இரண்டு விரல்கள் மட்டும் மடங்கவில்லை. "இனிமே ஸ்டியரிங்கா புடிக்கப் போறேன், வுடு" என்றார். அடுப்பை மலைக்கு எடுத்துப் போனேன். நல்ல அடுப்பு. மழை சாய்த்து அடிக்கும்போதும், கதவிடுக்கில் வருகிற காற்றுக்கு அணையாமல் எரியும். அதில் போட்ட டீயை நான் அழாமல் குடித்த நாட்கள் குறைவு. ஊருக்கு வந்து, "மன்னிச்சுருங்கப்பா" என்று ஆரம்பித்தால், "தகரம் துரு ஏறுதா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஜன்னல் வழியாகக் கேட்டவர்கள், அவர் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் வீடு வீடாகப் போய் இல்லை என்றேன். மகள் மூடி மறைக்கிறாள் என்றார்கள். அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

போன வருடம் அவருக்குக் கண் மஞ்சளாகி வயிறு வீங்கியது. பழைய குடி வைத்த வேலை. தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டர் சீட்டும் பேனாவுமாக வந்து, "இப்பவும் குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார். என்னையே பார்த்தார். தன் வாயால் சொன்னால் செல்லாது என்று முடிவுகட்டியிருந்தார் போல.

"இல்லைங்க டாக்டர். எங்கம்மா போனதுல இருந்து ஒரு சொட்டு தொட்டதில்லைங்க. நடுவுலயும் இல்லைங்க."

டாக்டர் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அப்பாவுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. அப்போது அது எங்களுக்குத் தெரியாது. மடங்காத விரல்களால் என் முந்தானையைத் தொட்டுக் கிட்டே குனியச் சொன்னார்.

"இல்லன்னுதான எழுதுனாரு, பாப்பா?"