செல்வாவுக்குப் பின்னால் விழுந்த வெளிச்சக் கோடு

குத்தாலத்தில், காவிரிப் படித்துறையின் கடைசிப் படியில் குப்புறப் படுத்திருந்தேன். கல்லின் சூடு சட்டையைத் தாண்டி வயிற்றில் ஏறியது. மூக்குக்கு ஒரு அடி தள்ளி ஆற்று மணல். காய்ந்து கிடந்தது. செத்த நத்தையின் வாடை.

ஜூன் மாதம். சாயங்காலம்.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். சின்ன டிராவல் வெப்சைட். நான் போட்டோ, செல்வா எழுத்து. தண்ணீர் வருவதற்கு முன் ஆறு, வந்த பின் ஆறு... இரண்டு படம் கேட்டிருந்தார்கள். கல்லணை திறந்தாகிவிட்டது. படித்துறைக்கு மேலே இருந்த டீக்கடையில் விசாரித்தோம்.

"நாளைக்குக் காலைலதான் தம்பி தண்ணி இங்க வரும்."

ஆக, காய்ந்த ஆற்றுக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் மிச்சம்.

வெறும் மணல் படமாகாது. அளவு காட்ட ஒரு ஆள் வேண்டும். திரையை மூன்று மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில், வலது பக்கம் இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும் இடத்தில் செல்வா. சூரியன் அவனுக்குப் பின்னால், மேற்கே. முகம் இருட்டிவிடும். உருவம் மட்டும் நிற்கும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மணல் அள்ளிய பெரிய பள்ளம் ஒன்றில் இறங்கி, ஏறி, அந்தப் பக்கத்துத் திட்டில் போய் நின்றான். குடவாசல்காரன். நீச்சல் தெரியாது. "டெல்டான்னு வெளிய சொல்லிக்காதடா" என்று ஆபீஸில் ஓட்டுவோம்.

"இன்னும் ரெண்டு ஸ்டெப் பின்னாடி!"

"ஆதார் கார்டுக்கே இவ்ளோ பாடு படலடா நான்."

"அசையாத. என்னையே பாரு."

என்னையே பார்த்தான்.

எதிர்க்கரையில் ஏழெட்டுப் பேர். தட்டில் பூ, சூடம். புதுத் தண்ணீரைக் கும்பிட முந்தின நாளே வந்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். கைகளைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். ஃப்ரேமின் ஓரத்தில் சின்னச் சின்னக் கைகள். அழகாக இருந்தது. காற்று பலமாக அடித்ததில் சத்தம் எதுவும் வரவில்லை.

செல்வாவுக்குப் பின்னால் மணலில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று விழுந்தது. பார்ப்பவன் கண்ணை நேராக அவனிடம் கொண்டுபோகும் கோடு. இப்படித் தானாக அமைவது அபூர்வம்.

அடுத்த படத்தில் கோடு கொஞ்சம் தடித்திருந்தது.

அதற்கடுத்ததில் இரண்டாகப் பிரிந்து, அவனுக்கு இரண்டு பக்கமும் இறங்கியது.

"சூப்பர்டா... அப்படியே நில்லு."

நின்றான்.

தண்ணீர் இரைந்துகொண்டு வரும் என்றுதான் எனக்கு நினைப்பு. அது சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு ஊர்ந்து வந்தது. சத்தமே இல்லை. முதலில் பள்ளம் நிறைந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பள்ளம். செல்வா குனிந்து காலைப் பார்த்தான். பிறகு என்னை நோக்கி ஓடி வந்தான். நேராகப் பள்ளத்துக்குள்.

கடைசிப் படத்தில் நெஞ்சு வரை தண்ணீர். கைகளை விரித்திருக்கிறான். வாய் திறந்திருக்கிறது. சிரிக்கிறான் என்று நினைத்துத்தான் அழுத்தினேன்.

யாரோ என்னைத் தாண்டிக் குதித்தார்கள். டீக்கடைக்காரர். சட்டைக் காலரைப் பிடித்து அவனைப் படிக்கு இழுத்து வந்தார். செல்வா மணலும் தண்ணீருமாக வாந்தி எடுத்தான்.

"அந்தக் கரையில அவ்ளோ பேரு ஏறு ஏறுன்னு கத்துறாங்க... உங்க கண்ணு என்ன அந்தப் பொட்டிக்குள்ளயா இருக்கு?"

அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "நாளைக்குன்னுதான் சொன்னாங்க..."

திரும்பும் பஸ்ஸில் செல்வா ஒன்றே ஒன்று கேட்டான்.

"நீ என்னைத்தானடா பாத்துக்கிட்டிருந்த?"

"ஆமா."

பொய் இல்லை.

அந்தப் படம் வெளியானது. கோடு இரண்டாகப் பிரிகிற படம். 'என்ன லைட்டிங்!' என்று நிறையப் பேர் எழுதினார்கள்.

இப்போது போனே கோடு போட்டு, ஆளை எங்கே நிறுத்தலாம் என்று காட்டிவிடுகிறது. நான் யாரையும் நிற்கச் சொல்வதில்லை. செல்வாவும் நானும் இன்றும் பேசிக்கொள்கிறோம், அந்தச் சாயங்காலத்தைத் தவிர எல்லாவற்றையும். எங்கள் கூட்டத்திலேயே நல்ல போட்டோ முகம் அவனுக்குத்தான். அதற்கு முன் எடுத்த படங்களில் எல்லாம் லென்ஸை நேராகப் பார்த்துச் சிரிப்பான்.

போன வாரம் அவன் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. கேக், குழந்தை, சொந்தக்காரர்கள். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள்.

அவன் மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறான். ஒரு படத்தில் இல்லை. பதினொன்றிலும்.

பின்னால் வெறும் சுவர்.