எதிர் யார்டில் சேர மாட்டேன் என உறுதி கூறுகிறேன்

எச்.ஆர். வேலை என்றால் ஆள் சேர்ப்பது என்று நினைப்பீர்கள். பாதி நேரம், சேர வந்தவரைப் பயமுறுத்துவதுதான் வேலை. மணலி புதுநகர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு அந்த உத்தியோகம். கம்பெனி விஷயத்தை வெளியே சொல்ல மாட்டேன், வேலையை விட்டாலும் இரண்டு வருடம் இதே தொழில் செய்யும் வேறு கம்பெனியில் சேர மாட்டேன் என்று புது ஆட்களிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். நீங்களும் எங்கேயாவது போட்டிருப்பீர்கள். படித்துப் பார்த்தா போட்டீர்கள்?

வாய்ப்பூட்டு

பில்லிங்கில் சேர வந்த செல்வி வியாசர்பாடிப் பெண். ஒவ்வொரு பக்கத்துக்கும் அர்த்தம் கேட்டாள். ஆபீஸ் விஷயத்தை வீட்டாரிடம்கூடப் பேசக்கூடாது என்ற இடத்தில் பேனாவை மூடிவிட்டாள். சாலைக்கு எதிர்ப்புறம் எங்கள் போட்டிக் கம்பெனியின் யார்டு. அவள் கணவர் அங்கே சூப்பர்வைசராம். வீட்டில் பேச வேறு விஷயமா இல்லை என்று சமாதானம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

"இதே மாதிரி ஒண்ணு அவருக்கும் போட்டுக் குடுங்க மேடம். வூட்டுக்கு வந்தா கம்பெனி கதையத் தவிர வேற பேச மாட்டேங்கறாரு."

ஷேர் ஆட்டோவில் ரகசியம்

எங்கள் மேனேஜருக்கு இந்த ஒப்பந்தம் உயிர். ரேட் விஷயம் பக்கத்து மேசைக்குக்கூடத் தெரியக்கூடாது என்பார். ஒரு நாள் கார் ரிப்பேர் என்று திருவொற்றியூரில் என்னோடு ஷேர் ஆட்டோவில் ஏறினார். பெரிய டெண்டர் ஒன்றுக்கு ரேட் கொடுக்க வேண்டிய நேரம். வண்டிச் சத்தத்தில் முதலாளிக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, போனில் ஒவ்வொரு ரேட்டாகக் கத்திக்கொண்டே வந்தார். எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். இறங்கும்போது டிரைவர் அவரைக் கூப்பிட்டார்.

"இன்னும் கொஞ்சம் கொறச்சிக்கோ சார். காலைல ஏறின எதிர் கம்பெனிக்காரரு இதுக்குக் கீழதான் சொல்லிகினு இருந்தாரு."

பூபாலன்

பூபாலன் எங்களிடம் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர், ராயபுரத்துக்காரர். மனைவி நிறைமாதம். சம்பளம் கூட என்று எதிர் யார்டில் சேர்ந்தார். கம்பெனி ரகசியத்தோடு ஓடிவிட்டான் என்று மேனேஜர் குதித்தார். வக்கீல் நோட்டீஸ் போனது. எதற்கு வம்பு என்று எதிர் யார்டும் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. பூபாலன் நோட்டீஸோடு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். தெரிந்தது இந்த ஒரு வேலைதான் என்றார். இரண்டு வருடம் வேறு எதையாவது செய்துகொள் என்றார் மேனேஜர். பூபாலன் குரலை உயர்த்தவே இல்லை.

"சரி சார். அந்த ரெண்டு வருசத்துக்கும் நீயே சம்பளம் போட்ரு. நான் வூட்லயே குந்திகினு கீறேன்."

செல்லாத வரி

பூபாலன் போனதும் அந்த இரண்டு வருட நிபந்தனை பற்றிக் கம்பெனி வக்கீலுக்கே போன் போட்டுக் கேட்டேன். வேலையை விட்டுப் போனவரை அப்படித் தடுக்க முடியாது, அந்த வரி கோர்ட்டில் நிற்காது என்றார், ஏதோ மழை நிலவரம் சொல்வதுபோல. பிறகு ஏன் எழுதினீர்கள் என்றேன். கோர்ட்டுக்குப் போகப் பயப்படுகிறவர்களுக்காக என்றார். வெளியே சொல்லக்கூடாத விஷயம்தான். எதிர் யார்டு எச்.ஆருக்கு உடனே சொன்னேன். மறுநாளே பூபாலன் அங்கே வண்டியில் ஏறினார். அந்த எச்.ஆர். மட்டும் ஒரு வேண்டுகோள் வைத்தார்.

"இத எங்க ஆளுங்ககிட்ட சொல்லிடாதீங்க மேடம். எங்க ஒப்பந்தத்துலயும் இதே வரிதான் இருக்கு."

பிரிவு உபசாரம்

கொஞ்ச நாளில் மேனேஜரே எதிர் யார்டுக்குப் போனார், இன்னும் பெரிய பதவிக்கு. கேக் வெட்டினோம். அவருடைய ஒப்பந்தத்தை ஃபைலில் தேடினால், அப்படி ஒன்று இல்லவே இல்லை. அவரிடமே கேட்டேன். விரலில் ஒட்டிய கிரீமைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அது ஸ்டாஃபுக்குத்தாம்மா."

இப்போதும் புதிதாக வருகிறவர்களிடம் அதே காகிதத்தைத்தான் நீட்டுகிறேன்; செல்லாத ஒன்றில் ஒருவர் விடாமல் கையெழுத்து வாங்கியதற்காக இந்த வருடம் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைத்தது.